சட்டைப் பையில் இடிந்த கோபுரம்

தீவன லாரிக்காரரின் ரசீதில் கையெழுத்துப் போடுவதற்காகச் சட்டைப் பைக்குள் கைவிட்ட ஜெகதீஸ்வரனின் விரல்களில் பேனாவுக்கு முன்பாக ஓர் அட்டை அகப்பட்டது.

சீட்டுக்கட்டு அட்டையைவிடக் கொஞ்சம் நீளம். படத்தில் பாறை உச்சியில் ஒரு கோபுரம். அதன் தலையில் மின்னல் விழுந்து எரிந்துகொண்டிருந்தது. ஓர் ஆணும் ஒரு பெண்ணும் தலைகீழாகக் கீழே விழுந்துகொண்டிருந்தார்கள்.

அவர் லாரிக்காரரை ஏற இறங்கப் பார்த்தார்.

"இதை நீ வெச்சியா?"

"எதைங்க?"

"ஒண்ணுமில்ல. போ."

ஜெகதீஸ்வரன் சுலபத்தில் யாரையும் நம்புகிறவர் இல்லை. புதுச்சத்திரத்துக்குப் பக்கத்தில் எட்டாயிரம் கோழிகள் உள்ள முட்டைப் பண்ணையும், அதன் ஓரத்திலேயே வீடும் அவருக்கு இருந்தன. பால்காரர் பால் ஊற்றும்போது அளவுக் குவளையின் அடியைத் தடவிப் பார்ப்பார். கோழி முட்டை போடாவிட்டால் கோழியையே சந்தேகப்படுவார். அப்படிப்பட்டவருடைய சட்டைப் பைக்குள், அவருக்கே தெரியாமல், ஒரு கோபுரம் இடிந்து விழுந்துகொண்டிருந்தது.

கோழிக் கூண்டுகளைச் சுற்றிப் பார்க்கப் போகும்போது சட்டையைக் கழற்றி வாசல் ஆணியில் மாட்டுவது அவர் வழக்கம். அந்த ஒரு மணி நேரத்தில் யார் வேண்டுமானாலும் வந்திருக்கலாம். பண்ணை வேலைக்கும் வீட்டு வேலைக்கும் வருகிற பாவாயி வந்திருக்கலாம். அவள் புருஷன் ராசு வந்திருக்கலாம். தடுப்பூசி போட வந்த கோழி டாக்டர் நிலவனும் அங்கேதான் இருந்தார்.

முதலில் நிலவனிடம் அட்டையை நீட்டினார்.

"இது டாரட் கார்டுங்ணா. வெளிநாட்டு ஜோசியம். சேலத்துல அஞ்சு ரோட்டுக்கிட்ட அனிதான்னு ஒரு மேடம் பாக்கறாங்க."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"போர்டு வெச்சிருக்காங்கண்ணா. பஸ்ஸுல போனாலே தெரியும்."

அந்தப் பதிலும் ஜெகதீஸ்வரனுக்குத் திருப்தியாக இல்லை. ஆனாலும் மறுநாளே சேலத்துக்குப் போனார்.

செல்போன் கடைக்கு மேலே மாடியறை. அனிதாவுக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். கண்ணாடி போட்டிருந்தாள். சாம்பிராணி, கபாலம் எதுவும் இல்லை. பள்ளிக்கூட டீச்சர் வீடு மாதிரி இருந்தது. அதுவே அவருக்குச் சந்தேகமாக இருந்தது. கதவுக்கு முதுகு காட்டாமல் நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார்.

"உங்க பேரு சார்?"

"நீங்களே சொல்லுங்க, பாக்கலாம்."

"கார்டு பேரெல்லாம் சொல்லாது சார்."

அட்டையை மேசைமேல் வைத்தார். அனிதா அதைத் தொடாமலே பார்த்தாள்.

"பதினாறாம் நம்பர். கோபுரம். அஸ்திவாரம் சரியில்லாம கட்டினது ஒருநாள் விழும்னு அர்த்தம். உச்சியில இருந்து கிரீடம் ஒண்ணு பறக்குது பாருங்க, அது நம்ம கர்வம். மின்னல்ங்கறது உண்மை. திடீர்னுதான் வரும். விழறது கெட்டதுன்னு மட்டும் எடுத்துக்காதீங்க. விழுந்தாத்தானே திரும்ப நல்லாக் கட்ட முடியும்?"

"விழற ரெண்டு பேரு யாருங்க?"

"யாரும் இல்ல சார், சும்மா ஒரு படம்."

"ஒரு ஆம்பள, ஒரு பொம்பள. புள்ளையக் கட்டிக்குடுத்தப்பறம் எங்கூட்டுலயும் அதேதானுங்க இருக்கோம்."

"சார், இதையெல்லாம் அப்படியே நேரா எடுத்துக்கக் கூடாது."

அவர் நேராகத்தான் எடுத்துக்கொண்டார்.

வீட்டுக்கு வந்ததும் மனைவி மதுமதியிடம் அட்டையைக் காட்டவில்லை. அவள் பயந்துவிடுவாள். சாதாரணமாகக் கேட்பதுபோலக் கேட்டார்.

"ஏம்புள்ள, நம்ம ஊட்டுல எதாச்சும் இடிஞ்சு உழுகற மாதிரி இருக்குதா?"

"எனக்கென்னங்க தெரியும்?" என்றாள் மதுமதி, சோளம் புடைத்துக்கொண்டே. பிறகு ஏதோ காக்கையைப் பார்ப்பதுபோல ஒருமுறை அண்ணாந்து பார்த்தாள்.

அவரும் பார்த்தார். வீட்டுக்குமேல் நாலு தூணில் நிற்கும் பழைய தண்ணீர்த் தொட்டி. ஒரு தூணில் கை நுழையும் அளவுக்கு விரிசல். அதற்குள் ஓர் அரசங்கன்று தழைத்து நின்றது. சரியாக அதற்குக் கீழேதான் அவர்கள் படுக்கும் அறை.

அவருக்கு வேர்த்துவிட்டது. மறுநாள் காலையிலேயே ஆள் வைத்துத் தொட்டியை இடித்தார். இடித்ததில் ஒரு பெரிய கட்டி நேராக மோட்டார் குழாய்மேல் விழுந்து, வீட்டுக்கும் பண்ணைக்கும் சேர்த்துத் தண்ணீர் நின்றுபோனது. புதுத் தொட்டி ஏறும்வரை நாலு நாள், பக்கத்துத் தோட்டத்துக் கிணற்றிலிருந்து டிரம் டிரம்மாகத் தண்ணீர் கொண்டுவந்தார். இடுப்புப் பிடித்துக்கொண்டது. எட்டாயிரம் கோழிகளும் அவரையே குற்றவாளியைப்போலப் பார்த்தன.

ஐந்தாம் நாள், நிம்மதியாகச் சட்டையை மாட்டிக்கொண்டு பைக்குள் கைவிட்டார்.

இன்னொரு அட்டை.

சிவப்பு இதயம் ஒன்று. அதில் மூன்று கத்திகள் குத்தி நின்றன. பின்னால் மழை கொட்டிக்கொண்டிருந்தது.

இடுப்பைப் பிடித்துக்கொண்டு மாடிப்படி ஏறியவரைப் பார்த்ததும் அனிதா எழுந்து நின்றுவிட்டாள்.

"இது வாள் மூணு சார். மனசு உடையறது. ரொம்ப நெருங்கின உறவுக்குள்ள பிரிவு. ஆனா மழை பெய்யுது பாருங்க, அழுது தீர்த்தா வானம் வெளுக்கும்னும் அர்த்தம் உண்டு."

"மூணு கத்தின்னா, மூணாவது ஆளு ஒருத்தன் இருக்கறானுங்களா?"

"அப்படியும் சில பேர் சொல்லுவாங்க..."

மிச்சத்தைக் கேட்க அவர் அங்கே இல்லை.

வீட்டுக்குள் நுழையும்போது மதுமதி போனில் பேசிக்கொண்டிருந்தாள். அவரைக் கண்டதும் போனை வைத்தாள். ஜெகதீஸ்வரனின் நெஞ்சுக்குள் முதல் கத்தி இறங்கியது.

"யாருகிட்டப் பேசுன?"

"யாருமில்லீங்க."

இரண்டாவது கத்தியும் இறங்கியது. அவள் குளிக்கப் போனபோது போனை எடுத்துப் பார்த்தார். அண்ணன் என்று இருந்தது.

காளியப்பன்! எடப்பாடியில் தறிப்பட்டறை வைத்திருக்கும் மச்சான். ஆறு வருஷத்துக்கு முன்னால் ஒரு கல்யாண வீட்டில் ஜெகதீஸ்வரனை முதல் பந்தியில் உட்காரவிடாமல் எழுப்பியவர். அன்றோடு பேச்சுவார்த்தை அறுந்தது. மதுமதியும் அண்ணன் வீட்டு வாசலை மிதிக்கவில்லை. ஆள் வைத்து அட்டை வைக்கிறவன் இவன்தான். ஜெகதீஸ்வரனுக்குச் சந்தேகமே இல்லை. அவர் வாழ்க்கையில் சந்தேகமே இல்லாமல் போனது அதுதான் முதல் தடவை.

"கெளம்பு. எடப்பாடி போறோம். உங்கண்ணனை ரெண்டு வார்த்தை கேக்கோணும்."

மதுமதி ஒன்றும் கேட்காமல் கிளம்பினாள்.

வழியெல்லாம் கேட்க வேண்டிய வார்த்தைகளை அவர் மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வண்டி ஓட்டினார். தறிச் சத்தம் கேட்கும் தெருவில் வண்டியை நிறுத்தி, மச்சான் வீட்டுக் கதவைப் படாரென்று தள்ளினார்.

"வாங்க மாப்ள!"

காளியப்பன் ஓடிவந்து அவர் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். பெரிய மீசைக்காரர். கண் கலங்கியிருந்தது. "ஆறு வருசமா நானே வரோணும்னு இருந்தேனுங்க மாப்ள. வெக்கம் புடிச்ச மனசு உடலீங்க. நீங்க பெரிய மனசு பண்ணி வந்துட்டீங்க."

"நான் வந்தது..."

"வாங்ணா, எல போட்டாச்சு" என்றாள் காளியப்பனின் மனைவி நல்லம்மாள்.

இலையில் நாட்டுக்கோழிக் குழம்பும் இடியாப்பம்போல நூல் நூலாகப் பிழிந்த சந்தகையும் இருந்தன. ஜெகதீஸ்வரனுக்கு உயிர். நாம் வருவது இவர்களுக்கு எப்படித் தெரியும் என்ற சந்தேகம் இரண்டாவது வாய்க்கும் மூன்றாவது வாய்க்கும் நடுவில் வந்தது. நாலாவது வாயில் போய்விட்டது. பக்கத்து அறையில் மதுமதியும் அவள் அண்ணனும் அழுகிற சத்தம் கேட்டது. பிறகு சிரிக்கிற சத்தமும் கேட்டது. கேட்க வந்த இரண்டு வார்த்தைகளை அவர் குழம்போடு சேர்த்து விழுங்கினார்.

அதோடு விட்டதா? அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமை தவறாமல் மச்சான் குடும்பம் பண்ணைக்கு வர ஆரம்பித்தது. எதிரி என்று சந்தேகப்பட ஒருத்தர் இருந்தார். அவரும் இப்போது, "மாப்ள, தீவனத்தைக் கொஞ்சம் மாத்திப் பாருங்க" என்று யோசனை சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

அப்படியானால் அட்டை வைப்பது யார்?

பிடித்தே தீருவது என்று ஜெகதீஸ்வரன் முடிவு கட்டினார். கோழிக் காயத்துக்குப் போடும் ஊதா மருந்தைச் சட்டைப் பைக்குள் தடவி ஆணியில் மாட்டினார். கை வைக்கிறவன் விரல் ஊதாவாகும். சோப்புப் போட்டாலும் நாலு நாளைக்குப் போகாது.

மதியம் பாவாயியைக் கூப்பிட்டார். "கையக் காட்டு."

சுத்தமாக இருந்தது. ராசுவின் கையில் சாணி மட்டும்தான். நிலவனின் கையை அவர் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்ததில் டாக்டருக்கு வெட்கமாகிவிட்டது. "என்னங்ணா, ரேகை பாக்கவும் கத்துக்கிட்டீங்களா?"

யார் கையிலும் இல்லை. ஏமாற்றத்தோடு சட்டையை மாட்டிக்கொண்டு கடைவீதிக்குப் போனார். வழியில் போன் அடித்தது. பைக்குள் கைவிட்டு எடுத்துக் காதில் வைத்துப் பேசினார். வியர்த்த முகத்தையும் துடைத்துக்கொண்டார். டீக்கடையில் எல்லாரும் அவரைப் பார்த்து எழுந்து நின்றபோதுதான் கண்ணாடியைப் பார்த்தார். ஊதா நிறத்தில் ஒரு மனிதர் நின்றிருந்தார்.

முகத்தை மறைக்க, வண்டியில் சும்மா தொங்கிக்கொண்டிருந்த ஹெல்மெட்டை அவசரமாக எடுத்தார். உள்ளேயிருந்து ஓர் அட்டை விழுந்தது.

வெள்ளைக் குதிரைமேல் கறுப்புக் கவசம் போட்ட எலும்புக்கூடு. குதிரையின் காலடியில் ஒரு ராஜா செத்துக் கிடந்தார்.

அனிதா இந்தத் தடவை அவர் முகத்தைப் பார்த்துவிட்டு அட்டையைப் பார்க்கக் கொஞ்ச நேரம் எடுத்துக்கொண்டாள்.

"பயப்படாதீங்க சார். இது மரணம்னு பேரு, ஆனா சாவைக் குறிக்காது. பழைய பழக்கம் ஒண்ணு முடியுது, அவ்வளவுதான். அந்தக் கொடியில வெள்ளை ரோஜா இருக்கு, பாருங்க. பின்னாடி ரெண்டு தூணுக்கு நடுவுல சூரியன் உதிக்குது."

"அஸ்தமிக்கறதாவும் இருக்கலாமுங்களே?"

அனிதா அட்டையை உற்றுப் பார்த்தாள். "நான் எப்பவும் உதிக்கறதாத்தான் எடுத்துக்குவேன் சார்."

அந்தப் பதில் அவருக்குப் போதவில்லை. நேராக நாமக்கல் ஆஸ்பத்திரிக்குப் போய் உச்சி முதல் உள்ளங்கால்வரை சோதிக்கச் சொன்னார். டாக்டர் காகிதத்தைப் பார்த்துக் கண்ணாடியைக் கழற்றினார்.

"சர்க்கரை இவ்வளவு இருக்கே, இத்தனை நாள் என்ன பண்ணிட்டிருந்தீங்க? வாயில என்ன, புகையிலையா?"

அன்று சாயங்காலம், தீவன மூட்டைக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்த புகையிலைப் பொட்டலங்கள் அனைத்தையும் எடுத்துக் குழிக்குள் போட்டு மூடினார். பழைய பழக்கம் ஒன்று முடிகிறது. முடியட்டும், குதிரைக்காரன் திரும்பிப் போகட்டும். போண்டா போனது, வெல்லக் காப்பி போனது. காலையில் ஐந்து கிலோமீட்டர் நடை வந்தது. துணைக்கு மதுமதியும் வந்தாள். பாதி வழியில் அவர் உட்கார்ந்துகொண்டு, "எனக்கு எதாச்சும் ஆயிருச்சுன்னா நீ என்ன பண்ணுவ?" என்று கேட்டார்.

"அப்படியெல்லாம் ஆகாதுங்க" என்றாள். அவர் தோளைப் பிடித்து எழுப்பிவிட்டாள். அவள் குரல் கொஞ்சம் நடுங்கியதாக அவருக்குத் தோன்றியது. ஏன் நடுங்கியது என்று சந்தேகப்பட அன்று அவருக்குத் தெம்பு இல்லை.

ஒரு மாதம் கழித்து நாலாவது அட்டை தடுப்பூசி நோட்டுக்குள் இருந்தது. தோளில் மூட்டையோடு ஒருவன் மலை விளிம்பில் அண்ணாந்து பார்த்தபடி நடக்கிறான். அடுத்த அடியில் பாதாளம். காலருகே ஒரு நாய்க்குட்டி. இந்தத் தடவை போனிலேயே கேட்டார்.

"நம்பர் பூஜ்ஜியம் சார்" என்றாள் அனிதா. "முட்டாள்னு பேரு."

"என்னையுங்களா சொல்றீங்க?"

"அட்டையோட பேரு சார். கெட்ட அர்த்தம் இல்ல. கணக்குப் போடாம, பயப்படாம கிளம்பற ஆளு. புதுப் பயணம்."

"பள்ளத்துல உழுந்துருவானுங்களே."

"நாய் இருக்குல்ல சார், எச்சரிக்கை பண்ணும்."

"எங்க நாயி எந்நேரமும் தூங்குமுங்க. போகலீன்னா என்ன ஆகும்?"

எதிர்முனையில் ஒரு பெருமூச்சு கேட்டது. "திரும்ப அட்டை வரும்னு நினைக்கறேன் சார்."

போனை வைத்ததும் மதுமதியைக் கூப்பிட்டார். "ஏம்புள்ள, மலை, பள்ளம் ஒண்ணுமே இல்லாத ஊரு எது?"

"ராமேஸ்வரங்க" என்றாள் மதுமதி. யோசிக்கவே இல்லை. "கடலு மட்டந்தானுங்க. நான் பாத்ததே இல்லீங்க."

"பண்ணைய யாரு பாத்துக்குவா?"

"எங்கண்ணன் வந்து தங்கிக்கறேன்னு சொல்லியிருக்காருங்க."

எப்போது சொன்னார் என்று கேட்க வாயெடுத்து, பாதாளம் ஞாபகம் வந்து, டிக்கெட் எடுத்தார். கல்யாணமாகி இருபத்துநாலு வருஷத்தில் இரண்டு பேரும் சேர்ந்து போகிற முதல் பயணம். கிளம்புகிற காலையில் வெள்ளை வேட்டி கட்டி, வண்டியில் பெட்டியை ஏற்றியபோது, அவருக்கே தெரியாமல் ஒரு சந்தோஷம் வந்தது. உடம்பு இலேசாக இருந்தது. அட்டை வைத்தவன் யாராக இருந்தாலும் நாசமாய்ப் போகட்டும் என்றுகூடத் தோன்றவில்லை.

தண்ணீர்க் கேனை எடுக்கச் சமையலறைப் பக்கம் போனார். கதவு ஒருக்களித்திருந்தது. உள்ளே பாவாயி மதுமதியிடம் குரலைத் தாழ்த்திக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"ஏனுங்க்கா, எங்கூட்டுக்காரரு நாலு வருசமாக் கக்கூஸ் கட்டறேன் கட்டறேன்னே ஏமாத்தறாருங்க, அதுக்கு உங்க கட்டுல எந்த அட்டையை எடுத்து வெக்கறதுங்க?"