ரபீகாவின் பச்சைப் பீப்பா

கலியாணமாகித் திகனவுக்குப் புறப்பட்ட மகளுக்கு வாசலில் வைத்தே வாக்குக் கொடுத்தேன். உன் மீன்கள் என் பொறுப்பு, அவற்றின் மேல் ஒரு தூசு படவிடமாட்டேன் என்றேன். வாக்குத் தவறவில்லை. தூசு படவேயில்லை.

ஹிதாயா விட்டுப்போனது ஒரு கண்ணாடித் தொட்டியும் இரண்டு தங்கமீன்களும். ஒன்றின் வாலில் சின்னக் கிழிசல். மகள் இல்லாத வீட்டில் அவைதான் எனக்கு மகள். நானோ முப்பத்திரண்டு வருடம் பொதுச் சுகாதாரப் பரிசோதகராக, ஊர் வாயில் பீ.எச்.ஐ. மாத்தயாவாக, இருந்து ஓய்வு பெற்றவன். என் சைக்கிள் மணி கேட்டாலே எங்கள் மடவளையில் தேங்கிய தண்ணீரையெல்லாம் அவசரமாகக் கவிழ்ப்பார்கள். அப்படிப்பட்டவன் மகளின் மீனை அழுக்கில் நீந்தவிடுவேனா? தினமும் விடியலில் சுபஹு தொழுததும் தொட்டியைக் கவிழ்த்து, தேய்த்துக் கழுவி, புதுப் பைப் தண்ணீர் நிரப்பினேன். தண்ணீரின் குளோரின் மருந்து வாசம் மூக்கைத் துளைக்கும். எனக்கு அது சுத்தத்தின் வாசம்.

ஐந்தாம் நாள் கிழிந்த வால் மல்லாந்து மிதந்தது.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. என் மனைவி ரபீகா பார்த்தால் தாங்கமாட்டாள். ஜனாஸாவை ஒரு பால்மா டின்னில் போட்டுக் குசினிக்குப் பின்னால் ஒளித்துவிட்டுச் சட்டையை மாட்டினேன்.

"எங்க போறீங்க?"

"கட்டுகஸ்தோட்டைக்கு. பேப்பர் வாங்க."

"மடவளைல பேப்பர் முடிஞ்சிட்டா?"

"அங்க விக்கிற பேப்பர்ல எழுத்து பெரிசு."

அதே நிறத்தில் ஒரு மீனை வாங்கிப் பைக்குள் மறைத்து வந்து தொட்டியில் விட்டேன். நல்லடக்கத்துக்குப் போனால் டின் காலி. பக்கத்து வீட்டுப் பூனையின் வேலை. அன்றிலிருந்து அதற்கு எங்கள் வீட்டில் மீன்தலை கிடையாது.

மூன்று மாதத்தில் ஏழு ஜனாஸா, ஏழு பஸ் பயணம். ஏழு தடவையும் டின் காலி. நானும் விடவில்லை, மாலையில் அசர் தொழுத பின்னும் ஒருமுறை கழுவத் தொடங்கினேன்.

கண்ணை உறுத்தியது ஒன்றுதான். குசினிக்குப் பின்னால் ரபீகா கூரைப் பீலியில் வழியும் மழைத் தண்ணீர் பிடிக்கும் பீப்பா. உள்ளே பச்சைப் பசேல் என்று பாசி.

"இதக் கவிழ்க்கப் போறேன்."

"தொடப்படாது. அது என்ட பீப்பா."

"தேங்கின தண்ணில நுளம்பு முட்ட போட்டுப் பெருகும், ரபீகா."

"மேல வல கட்டித்தானே ஈக்கி?"

கட்டித்தான் இருந்தது. சட்டப்படி கை வைக்க வழியில்லை.

போன ஞாயிறு ஹிதாயா வருவதாகச் செய்தி வந்தது. கிழிந்த வாலுக்கு எங்கே போவேன்? முந்திய நாள் கத்தரிக்கோலுடன் தொட்டிக்கு முன்னால் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். மனம் வரவில்லை.

வந்தவள் செருப்பைக் கழற்றியதும் தொட்டியிடம் போனாள்.

"வாப்பா, இது என்ட மீன் இல்லயே."

"மகள்..." என்று ஆரம்பித்தேன். அழுதுவிட்டேன்.

ரபீகா எங்கள் இருவரையும் பின்பக்கம் கூட்டிப்போனாள். பீப்பாவின் வலையை அவிழ்த்து ஒரு துண்டு பாண் ரொட்டியைப் பிய்த்துப் போட்டாள். பச்சைக்குள்ளிருந்து ஒன்று, இரண்டு என்று ஏழு மீன்கள் வந்தன. முன்னால் வந்தது கிழிந்த வால். நல்ல பருமன்.

"ஒண்டும் மவுத்தாகல்ல. மயங்கினதுதான். நீங்க பஸ் ஏறினதும் டின்ன எடுத்து இதுக்குள்ள உட்டேன்" என்றாள். "பைப் தண்ணில போடுற மருந்து நமக்குச் சுத்தம், அதுகளுக்கு மூச்சு முட்டும். ஒரு நாள் தொறந்து வெச்சா மருந்து போயிடும். நீங்க எங்க வெச்சீங்க? இந்தப் பாசியும் அதுகளுக்குச் சாப்பாடு, நுளம்புப் புழுவும் சாப்பாடு. ஒரு புழு காட்டுங்க பாப்பம், பீ.எச்.ஐ. மாத்தயா."

பழக்க தோஷம், குனிந்து தேடினேன். ஒன்று கூட இல்லை.

"எல்லாம் தெரிஞ்சும் என்னத்துக்குச் சொல்லல்ல?"

"மகள் போன பொறகு தொட்டியக் கழுவுவீங்க, கதிரைல குந்துவீங்க. அவ்வளவுதான். மொத மீன் மயங்கின அண்டைக்குத்தான் சட்ட போட்டு வெளிய எறங்கினீங்க. பஸ்ல நாலு பேரோட கதச்சி, மொகம் தெளிஞ்சி வந்தீங்க. அத நான் ஏன் கெடுக்க?"

அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். மகள் வேறு பக்கம் பார்த்தாள்.

அன்றே பூனைக்கு இரண்டு மீன்தலை வைத்து மன்னிப்புக் கேட்டேன். தொட்டியில் மிச்சமிருந்த இரண்டு மீன்களும் பீப்பாவுக்குக் குடிபோயின. காலியான கண்ணாடித் தொட்டியை மட்டும் ரபீகா என் கையில் தந்தாள். தினமும் இரண்டு வேளை ஆசை தீரக் கழுவிப் புதுத் தண்ணீர் நிரப்பி வைக்கிறேன்.

நேற்று ரபீகா பக்கத்து வீட்டுக்காரியிடம் என்னைப் பற்றிப் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"இப்ப அவர் நல்லாப் பழகிட்டார். அந்தத் தொட்டில ஒரு மீனும் மயங்குறல்ல."