காப்பி மிஷினில் புளித்தண்ணீர்

ஒரு பொருள் ஏன் ஓடவில்லை என்று கண்டுபிடிக்க, அதைப் பற்றி எதுவுமே தெரியாமல் இருப்பது பெரிய தகுதி. எனக்கு அந்தத் தகுதி கிடையாது. முப்பத்துமூன்று வருஷம் அரசாங்கத்தில் கொதிகலன் ஆய்வாளராக இருந்தவன் நான். சாயப்பட்டறை முதல் சர்க்கரை ஆலை வரை, எங்கெல்லாம் தண்ணீரைக் காய்ச்சி ஆவியாக்குகிறார்களோ அங்கெல்லாம் போய், அந்தக் கொதிகலன் இன்னும் ஒரு வருஷத்துக்கு வெடிக்காது என்று எழுத்தில் உறுதி கொடுப்பது என் உத்தியோகம். நான் கையெழுத்துப் போட்ட எதுவும் வெடித்ததில்லை. (ஒன்றே ஒன்று கொஞ்சம் சீறியது. அதுவும் நான் ஓய்வு பெற்ற மறுநாள்.)

அப்படிப்பட்ட நான், முக்கால் லிட்டர் தண்ணீர் பிடிக்கும் ஒரு வீட்டுக் காப்பி மிஷினோடு காலை ஏழு மணியிலிருந்து மாலை நாலரை வரை போராடித் தோற்றேன் என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன். நான் ஒப்புக்கொள்ளாவிட்டாலும் மயிலாப்பூரில் எங்கள் தெருவுக்கே தெரியும்.

எங்கள் சோதனைப் படிவத்தில் முப்பத்தெட்டுக் கேள்விகள் உண்டு. முதல் கேள்வி இது: "கடந்த சோதனைக்குப் பின் சாதனத்தில் ஏதேனும் மாற்றம் செய்யப்பட்டதா?" எந்த ஆலைக்காரரும் இதற்கு நேராகப் பதில் சொல்லி நான் கேட்டதில்லை. எல்லோரும் பின்னந்தலையைச் சொறிந்துகொண்டு, "பெரிசா ஒண்ணும் இல்ல சார்" என்பார்கள். போய்ப் பார்த்தால் வால்வு இருக்க வேண்டிய இடத்தில் சைக்கிள் டியூபைச் சுற்றிக் கம்பியால் கட்டியிருப்பார்கள்.

இந்தக் கேள்வியை நான் வீட்டிலும் விட்டதில்லை. மிக்சி நின்றுபோனாலோ குக்கர் விசில் அடிக்காவிட்டாலோ, சமையலறை வாசலில் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்று என் மனைவி வசந்தாவிடம், "கடந்த சோதனைக்குப் பின்..." என்று ஆரம்பிப்பேன். அவள் குக்கருக்கு வேறு ரப்பர் வளையம் மாட்டிவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பாள்.

ஓய்வு பெற்ற அன்று, போட்ட மாலையைக் கழற்றுவதற்கு முன்பே வசந்தாவுக்கு ஒரு வாக்குக் கொடுத்தேன். இனி இந்த வீட்டில் காப்பி என் இலாகா என்று. முப்பத்தாறு வருஷமாக விடிகாலை ஐந்தரைக்கு எழுந்து டிகாக்‌ஷன் போட்டவள் அவள். அடையாறில் இருக்கும் எங்கள் மகள் நித்யா இதைக் கேட்டு, அப்பாவுக்கு ஒத்தாசையாக இருக்கட்டும் என்று ஒரு மின்சாரக் காப்பி மிஷின் வாங்கிக் கொடுத்தாள். பின்பக்கம் தண்ணீரை ஊற்றி, மேலே கூடையில் பொடியைப் போட்டு, பொத்தானைத் தட்டினால் கீழே இருக்கும் கண்ணாடி ஜாடியில் டிகாக்‌ஷன் சொட்டும். இத்தனை வருஷ அனுபவத்தை இதில் எப்படிப் பயன்படுத்துவது என்று எனக்கே வருத்தமாக இருந்தது. இனித் தேவையில்லை என்று பழைய பித்தளை பில்டரை நித்யாவிடமே தூக்கிக் கொடுத்து அனுப்பினேன்.

நாலு மாதம் ஒழுங்காக ஓடியது. அப்புறம் ஒருநாள், ஞாயிற்றுக்கிழமை மாலை நாலு மணிக்கு வருவதாக வசந்தாவின் அக்கா ருக்மிணி தி. நகரிலிருந்து போன் செய்தாள். கூடவே அவள் கணவர், அதாவது என் ஷட்டகர் சுந்தரம். கல்லூரியில் தத்துவம் நடத்தி ஓய்வு பெற்றவர். எதிலும் அவசரப்பட்டுக் கருத்துச் சொல்ல மாட்டார். காப்பியைப் பற்றி மட்டும் உடனே சொல்லிவிடுவார்.

போனை வைத்துவிட்டு வசந்தா என்னிடம் வந்தாள்.

"ஏன்னா, ஒண்ணு கேக்கட்டுமா?"

"கேள்."

"அவா வந்தா நான் கூடத்துல உக்காந்துப்பேன். புடவை மாத்திண்டு, ஜம்முனு. காப்பி நீங்கதான் கொண்டு வந்து தரணும். நடுவுல ஒரு தடவைகூட என்னை உள்ள கூப்பிடப்படாது."

அவள் கேட்டது அவ்வளவுதான். யோசித்துப் பார்த்தால், இந்த வீட்டுக்கு வந்த விருந்தாளிகளில் பாதிப் பேரை அவள் குரலாகத்தான் அறிவாள். கூடத்தில் சிரிப்புச் சத்தம் கேட்கும். என்ன என்று எட்டிப் பார்ப்பதற்குள் பால் பொங்கும். முகங்களை அவர்கள் செருப்புப் போட்டுக்கொள்ளும்போதுதான் பார்ப்பாள். "இது என்ன பிரமாதம், செய்துவிடலாம்" என்றேன்.

சனிக்கிழமை இரவு ஏற்பாடுகளை மேற்பார்வையிட்டேன். கண்ணாடி ஜாடி என் கண்ணை உறுத்தியது. நம் வீடுகளில் டிகாக்‌ஷனைக் கண்ணாடி ஜாடியில் யார் பார்த்திருக்கிறார்கள்? ருக்மிணி பார்த்தால், "என்ன மாப்ளே, கஷாயமா?" என்பாள். ஜாடியைக் கழுவி அலமாரியில் வைத்துவிட்டு, அதே இடத்தில் எவர்சில்வர் சொம்பு ஒன்றைக் கச்சிதமாக நிறுத்தினேன். கொஞ்சம் குள்ளம், ஆனால் கம்பீரமான சொம்பு. சூடும் நிற்கும். திருப்தியாகத் தூங்கப் போனேன்.

ஞாயிறு காலை ஏழு மணிக்குப் பொத்தானைத் தட்டினேன். சிவப்பு விளக்கு எரிந்தது. தண்ணீர் கொதித்தது. ஆவி வந்தது. சொம்பில் மட்டும் ஒரு சொட்டு விழவில்லை. ஐந்து நிமிஷத்தில் கூடையின் விளிம்பு வழியாகப் பொடியும் வெந்நீருமாக வழிந்து மேடையெல்லாம் ஓடியது.

வேறொருவனாக இருந்தால் பதறியிருப்பான். நான் ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்து, மேலே "காப்பி மிஷின்: பழுது" என்று எழுதி அடிக்கோடு போட்டேன். மின்சாரம் வருகிறது. சூடாகிறது. தண்ணீர் மேலே ஏறுகிறது. கீழே இறங்கவில்லை. ஆகவே அடைப்பு. அடைப்புக்குக் காரணம் உப்புப் படிவு. எங்கள் தெரு ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரின் உப்பு எப்படிப்பட்டது என்று பக்கெட்டைப் பார்த்தாலே தெரியும். அதைவிட, உப்புப் படிவு என்பது என் சொந்த விஷயம். உப்பு அடைத்த குழாய்களை நான் கனவில்கூடச் சோதித்திருக்கிறேன்.

உப்பைக் கரைக்க வினிகர் ஊற்றச் சொன்னது மிஷினோடு வந்த கையேடு. எங்கள் வீட்டில் வினிகர் கிடையாது. ஆனால் வினிகர் என்பது என்ன? ஓர் அமிலம். அமிலம் வேறு எதில் இருக்கிறது? பித்தளைக் குத்துவிளக்கைப் பளபளவென்று ஆக்குவது எது? எலுமிச்சம்பழ அளவு புளியை எடுத்து வெந்நீரில் ஊறப்போட்டேன்.

பாத்திரம் தேய்க்க வந்த செல்வி, நான் புளியைக் கரைத்து மிஷினின் பின்பக்கம் ஊற்றுவதைப் பார்த்துவிட்டுத் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தாள். சாந்தோம் குப்பத்திலிருந்து பத்து வருஷமாக வருகிறவள். என்னைப் பற்றி அவளுக்குத் தனி அபிப்பிராயங்கள் உண்டு.

"இன்னா சார், காப்பி மிஷின்ல ரசம் வெச்சிகினு கீறீங்க?"

"இது ரசம் இல்லை. இது ஒரு முறை. உள்ளே இருக்கிற உப்பைக் கரைக்கும்."

"அப்டியே பெருங்காயம் கொஞ்சம் போட்டா நல்லா இருக்கும் சார்" என்றாள் செல்வி.

புளித்தண்ணீர் கொதித்து, மேலே ஏறி, இறங்க வழியில்லாமல், பொடியோடு சேர்ந்து வழிந்தது. அடைப்பு பிடிவாதமானது என்று குறித்துக்கொண்டு, இரண்டாம் முறை இன்னும் கெட்டியாகக் கரைத்து ஊற்றினேன். அதுவும் வழிந்தது. செல்வி மேடையைத் துடைத்துத் துணியைப் பிழிந்தாள். "மா, இன்னிக்கு சார் பொங்கல் கொண்டாடறாரு" என்று ஹாலைப் பார்த்துக் குரல் கொடுத்தாள்.

பதினோரு மணிக்கு வசந்தா சமையலுக்கு வந்தாள். காலையிலிருந்து காப்பி இல்லாமல் சுக்குத் தண்ணீர் குடித்த முகம். மிஷினைப் பார்த்தாள். சொம்பைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள்.

"எனக்குத் தெரியும். நான் பார்த்துக்கறேன்" என்றேன்.

"சரி" என்று வாயை மூடிக்கொண்டு வெண்டைக்காய் நறுக்கப் போனாள்.

மத்தியானம் மிஷினைத் தலைகீழாகக் கவிழ்த்து அடித்தட்டைக் கழற்றினேன். உள்ளே இருந்ததெல்லாம் இருக்க வேண்டியபடியே இருந்தது. ஒரு குறையும் தெரியவில்லை. எந்த ஆய்வாளருக்கும் இதைவிட அவமானம் கிடையாது. திரும்ப மூட்டியபோது ஒரு திருகு மிஞ்சியது. அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். நித்யா போன் செய்தாள்.

"அப்பா, மிஷின் ரிப்பேராமே? வீடியோ இருக்கும், தேடிப் பாருங்கோ."

"வீடியோ பார்த்து ரிப்பேர் பண்றவாளுக்கு சர்ட்டிபிகேட் கொடுத்தவன் நான்."

"யாருக்குக் கொடுத்தேள்?"

"கொடுத்திருப்பேன்" என்று வைத்துவிட்டேன்.

மூன்றரை மணிக்கு ஒரு திருப்பம். கூடையின் அடியில் பொத்தான் மாதிரி ஏதோ துருத்திக்கொண்டிருந்தது. கரண்டிக் காம்பால் அதை மேல்நோக்கி அழுத்தினேன். சொட்டியது. எடுத்தேன். நின்றது. மறுபடி அழுத்தினேன். சொட்டியது. இதை நோட்டில் "விட்டு விட்டு நிகழும் பழுது" என்று பதிவு செய்தேன். (அதன் பெயர் வால்வு என்றும், வால்வு தன் வேலையைச் சரியாகச் செய்துகொண்டிருக்கிறது என்றும் அப்போது தோன்றவில்லை. ஆயிரக்கணக்கான வால்வுகளுக்குச் சான்றிதழ் கொடுத்த கை அது.)

நாலு மணிக்கு அழைப்பு மணி அடித்தது. கூடத்தில் வசந்தா மாம்பழ நிறப் பட்டுப்புடவையில் சோபாவின் நடுவில் உட்கார்ந்திருந்தாள். செல்விதான் கதவைத் திறந்தாள். அவள் வேலை முடிந்து மூன்று மணி நேரமாகியும் வீட்டுக்குப் போகவில்லை. ஏன் என்று கேட்டதற்கு, "சும்மாதான் சார்" என்றாள்.

நான் சமையலறையில், மிஷினில் புதிதாகப் பொடியும் தண்ணீரும் போட்டு, இடுப்பை வளைத்து, ஒரு கையால் கரண்டிக் காம்பை மேல்நோக்கி அழுத்தியபடி, இருபது நிமிஷம் அசையாமல் நின்றேன். சொட்டுச் சொட்டாகச் சொம்பு நிறைந்தது. கூடத்தில் ருக்மிணியின் குரல் கேட்டது.

"வசந்தா, நீ உக்காந்திருக்கே, உள்ள யாரு?"

"அவர்தான். காப்பி போடறார்."

"யாரு, மாப்ளையா?" என்றாள் ருக்மிணி. மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. "காப்பி வாசனையே வரலையே. புளியோதரை வாசனைன்னா வரது."

"ரெண்டும் நல்ல வாசனைதான்" என்றார் ஷட்டகர். கருத்துச் சொல்லக்கூடிய கட்டம் இன்னும் வரவில்லை என்று நினைத்திருப்பார்.

நேரமாகிவிட்டது. ஒவ்வொரு டம்ளராகக் கலக்கப் பொறுமையில்லாமல், ஒரு லிட்டர் பாலும் கொதித்துக்கொண்டிருந்த பாத்திரத்தில் டிகாக்‌ஷன் முழுவதையும் ஊற்றினேன். ஒரு கணம் அழகான நிறம் வந்தது. மறுகணம் பால் யோசிக்க ஆரம்பித்தது. அப்புறம் திரிதிரியாகப் பிரிந்து, பழுப்புத் தண்ணீரில் வெள்ளைப் பஞ்சாக மிதந்தது. வீட்டில் இருந்த பால் அவ்வளவும் அதுதான்.

எட்டிப் பார்த்த செல்வி மெல்லிய குரலில், "பன்னீர் ஆய்டுச்சு சார்" என்றாள்.

கூடத்தில் ருக்மிணி எழுந்திருக்கும் சத்தம். "பாவம், நான் போய்ப் பாக்கறேண்டி."

"உக்காரு அக்கா." வசந்தாவின் குரலில் இருந்த ஏதோ ஒன்று ருக்மிணியை உட்கார வைத்தது. "உள்ள யாரும் போகப்படாது."

பொங்கி வழிந்ததில் நனைந்த வேட்டியோடு, கையில் கரண்டியோடு, நான் சமையலறை வாசலுக்கு வந்து நின்றேன். என் வாயிலிருந்து "வசந்தா, கொஞ்சம்..." என்ற இரண்டு சொற்கள் வந்துவிட்டன. அவற்றுக்குப் பிறகு வரவேண்டியது என்ன என்று அங்கே இருந்த எல்லோருக்கும் தெரியும். அவள் எழுந்திருக்க வேண்டும். முப்பத்தாறு வருஷமாக எழுந்ததுபோல.

வசந்தா எழுந்திருக்கவில்லை. மடியில் கைகளைக் கோத்துக்கொண்டாள். தொண்டையைச் செருமினாள். பிறகு என் குரலில், என் நிறுத்தங்களோடு, ஓர் எழுத்துப் பிசகாமல் கேட்டாள்:

"கடந்த சோதனைக்குப் பின், சாதனத்தில் ஏதேனும் மாற்றம் செய்யப்பட்டதா?"

என் கை தானாகப் பின்னந்தலைக்குப் போனது. நான் அதைத் தடுத்திருக்கலாம். தடுக்கவில்லை.

"பெரிசா ஒண்ணும் இல்ல..." என்றேன். "ஜாடிக்குப் பதிலா சொம்பு..."

சொல்லும்போதே எல்லாம் விளங்கிவிட்டது. ஜாடி இல்லாதபோது டிகாக்‌ஷன் வீணாகக் கொட்டிவிடாமலிருக்க, அந்த மிஷினில் ஒரு வால்வு வைத்திருக்கிறார்கள். ஜாடியின் மூடி மேலே முட்டினால்தான் அது திறக்கும். என் கம்பீரமான சொம்பு இரண்டு விரல் குள்ளம்.

"காலைலயே தெரியுமா உனக்கு?"

"பதினோரு மணிக்குத் தெரியும். சொல்ல வந்தேன். உங்களுக்குத் தெரியும்னேள்."

ஷட்டகர் நிமிர்ந்து உட்கார்ந்தார். கருத்துச் சொல்ல வேண்டிய கட்டம் வந்துவிட்டது. "அப்போ மிஷின் ரிப்பேரே ஆகலை" என்றார். "அது நாள் பூரா கரெக்டா வேலை பண்ணிண்டிருந்திருக்கு."

நான் அலமாரியிலிருந்து பிளாஸ்கை எடுத்துக்கொண்டு, புளிக்கறை படிந்த அதே வேட்டியோடு கச்சேரி ரோடு முனை டீக்கடைக்குப் போனேன். கடைக்காரர் என் வேட்டியைப் பார்த்துவிட்டு, "இன்னா சார், வீட்ல விசேஷமா?" என்றார். நாலு காப்பி கேட்டேன். செல்வி கதவருகில் நின்றது ஞாபகம் வந்து, ஐந்தாக்கினேன்.

வெளியில் பச்சைத் தண்ணீர் குடிக்காத ருக்மிணி அந்தக் காப்பியை மறுபேச்சில்லாமல் குடித்தாள். நான் வசந்தாவுக்குத் தட்டில் வைத்து நீட்டினேன். அவள் உட்கார்ந்தபடியே எடுத்து, இரண்டு ஆற்று ஆற்றி, ஒரு வாய் குடித்தாள். அன்றைக்கு அவளுக்கு அதுதான் முதல் காப்பி. நான் நின்றுகொண்டே இருந்தேன்.

"சர்க்கரை கொஞ்சம் ஜாஸ்தி" என்றாள். முகம் அப்படிச் சொல்லவில்லை.

மிஷின் இன்றும் கண்ணாடி ஜாடியோடு ஓடுகிறது. முதல் ஒரு வாரக் காப்பியில் மட்டும் லேசாக ரச வாடை இருந்தது. மிஞ்சிய திருகு இன்னும் மேஜை இழுப்பறையில் இருக்கிறது. அது எங்கே சேர்ந்தது என்பதை மிஷினும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. ஆனால் முதல் கேள்வி என் கையை விட்டுப் போய்விட்டது. சாம்பாரில் உப்புத் தூக்கலாக இருக்கிறது என்று போனில் சொன்னால் நித்யா அதைக் கேட்கிறாள். மின்விசிறி நின்றால் செல்வி, "சார் எதுனா மாத்துனீங்களா?" என்கிறாள். போன மாதம் வயிற்று வலி என்று டாக்டரிடம் போனோம். எவ்வளவு நாளாக என்று அவர் என்னைக் கேட்டார். நான் பதில் சொல்வதற்குள் வசந்தா நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, தொண்டையைச் செருமினாள்.

முந்தின நாள் கல்யாணத்தில் நான் சாப்பிட்ட ஏழு ஜாங்கிரியைப் பற்றி அவளுக்கு எப்படித் தெரியும் என்று எனக்குத் தெரியாது. என் கை அதற்குள் பின்னந்தலைக்குப் போய்விட்டிருந்தது.

"பெரிசா ஒண்ணும் இல்ல டாக்டர்" என்றேன்.