மாட்டின் பின்பாதியில் ஒரு கொள்கைவாதி

ஹாலோவீன் வந்தால் தெருவில் பேய் வரும், சூனியக்காரி வருவாள், எலும்புக்கூடு வரும். இவர்களை எல்லாம்விடப் பயங்கரமான ஓர் இனம், சாதாரணச் சட்டையும் தொப்பியுமாக வரும். "நான் நானாத்தான் வந்திருக்கேன்" என்று சொல்லும் இனம் அது. வேஷம் எங்கே என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். நீங்கள் கேட்க வேண்டும் என்றுதான் அது வீட்டை விட்டே கிளம்பியிருக்கிறது.

எங்கள் ஓஹையோ ஊரில் இந்த இனத்தின் மூத்த உறுப்பினர் டெல்மர் ஹாஃப்ஸ்டெட்டர். முப்பத்தோரு வருஷமாக அவர் வேஷம் போட்டதில்லை. போடாமல் இருக்க அவர் படும் பாடு கொஞ்சமா? அக்டோபர் பிறந்ததும் அந்தக் கட்டம் போட்ட சட்டையைத் தனியாகத் துவைத்து, இஸ்திரி போட்டு, ஏதோ கைக்குக் கிடைத்ததை மாட்டிக்கொண்டு வந்தவர்போல் தெரிவதற்காகக் காலரை ஒரு பக்கம் மட்டும் கசக்கி, தொப்பியைக் கண்ணாடி முன் இடமும் வலமும் சாய்த்துப் பார்த்து, "வேஷம் போடுறவன் தன்னையே பார்த்துப் பயப்படுறவன்" என்ற வசனத்தைக் குளியலறையில் ஏழெட்டு விதமாக ஒத்திகை பார்ப்பார். பேய்கள்கூட இவ்வளவு மெனக்கெடுவதில்லை.

இந்த வருஷம்தான் வினை வந்தது. வருஷாவருஷம் ஹாலோவீன் சமயத்துச் சனிக்கிழமை மத்தியானம், தேவாலயத்துக் கார் நிறுத்துமிடத்தில், ஆளாளுக்குத் தங்கள் கார் டிக்கியைத் திறந்து சிலந்திவலையும் பூசணியுமாக ஜோடித்துப் பிள்ளைகளுக்கு மிட்டாய் கொடுப்பார்கள். கடைசியில் வேஷப் போட்டி. ஜெயித்தவர் வீட்டு ஜன்னலில் ஒரு வருஷத்துக்குத் தங்க நிறப் பூசணி ஒன்று கொலு இருக்கும். ஆறு வருஷமாக அது எதிர்வீட்டு கிளாடிஸின் ஜன்னலைவிட்டு நகரவே இல்லை. கிளாடிஸ் கலங்கரை விளக்கமாக வருவாள். தலையில் விளக்கு சுழலும். அதை நம்பி, கடல்போல் விரிந்த எங்கள் ஏரியில் போன கப்பல் ஒன்று எங்கள் ஊர்ப் பக்கம் திரும்பிவிட்டது என்றால் நீங்கள் நம்பவா போகிறீர்கள்?

காலையில் கண் விழித்ததும் அந்தப் பூசணியின் முகத்தில் விழித்து விழித்து நொந்துபோன டெல்மரின் மனைவி வெர்னா, இரண்டு மாதம் கண்விழித்து இருவர் நுழையும் பசுமாடு ஒன்றைத் தைத்திருந்தாள். முன்பாதி அவள், பின்பாதி அவள் தங்கை. தங்கையோ போட்டிக்கு முந்தின நாள் படியில் வழுக்கிக் கணுக்காலை முறித்துக்கொண்டாள்.

"டெல்மர், நீ உள்ள வா."

"நானா? மாட்டுக்குப் பின்பக்கமா? என் கொள்கை என்ன ஆகுறது?"

"அதையும் கூட்டிட்டு வா. உள்ள இடம் நிறைய இருக்கு."

"நான் நானா இருக்கிறவன், வெர்னா!"

"முப்பத்தோரு வருஷமா அதைத்தானே பாத்துட்டிருக்கேன். ஒரு மணி நேரம் லீவு குடேன்."

டெல்மர் அசையவில்லை. கார் நிறுத்துமிடத்தின் எதிர்ப்பக்கம் கிளாடிஸின் விளக்கு சுழல ஆரம்பித்தது. வெர்னா மாட்டின் பின்னங்கால்களை மடிக்கத் தொடங்கினாள். மெல்ல, ஒவ்வொரு காலாக. டெல்மர் தொப்பியைக் கழற்றினார்.

"யார்கிட்டயும் மூச்சு விடக்கூடாது."

"உள்ள யாரு இருக்கான்னு மாட்டுக்கே தெரியாது. போதுமா?"

வாலை ஆட்ட வசதியாக அதன் கயிற்றை அவர் மணிக்கட்டில் இறுக்கிக் கட்டினாள். உள்ளே ஒரே இருட்டு. வேஷம் எங்கே என்று கேட்க ஆள் இல்லை. வசனம் சொல்ல வேலையும் இல்லை. மூன்று நிமிஷம் டெல்மர் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார். அப்போது ஒலிபெருக்கியில், கேட்டாலே துள்ள வைக்கும் போல்கா நடன இசை கிளம்பியது. பின்னங்கால் ஒன்று தாளம் போட்டது. மற்றதும் சேர்ந்துகொண்டது. அப்புறம் முன்பாதி கிழக்கே போக, பின்பாதி மேற்கே இழுக்க, மாடு உதைத்தது, உட்கார்ந்தது, கால்மேல் கால் போட்டது, பின்பக்கத்தாலேயே சபைக்கு வணக்கம் சொன்னது, வாலைச் சுழற்றிப் போதகர் கையிலிருந்த டோனட்டைத் தட்டிவிட்டது.

"டெல்மர்! என்னடா பண்றே அங்க?" என்று மாட்டின் வாய் கிசுகிசுத்தது.

"யிஹூ!" என்றது மறுமுனை. தன் கல்யாணத்தில்கூட ஆடாத மனிதர்!

பிள்ளைகள் மிட்டாயை மறந்தார்கள். கிளாடிஸ் குலுங்கிக் குலுங்கிச் சிரித்ததில் கலங்கரை விளக்கம் அணைந்தே போயிற்று. பூசணி மாட்டுக்குத்தான்.

எல்லோரும் வெர்னாவைச் சூழ்ந்துகொண்ட நேரம் பார்த்து, டெல்மர் காருக்குப் பின்னால் நழுவி, கால்களை உதறிக் கழற்றி, தொப்பியை மாட்டிக்கொண்டு வெளியே வந்தார். முகம் தக்காளிப் பழம். சட்டை முதல்முறையாகத் தானாகவே கசங்கியிருந்தது. எதிரே போதகர்.

"டெல்மர், பாத்தீங்களா அந்த ஆட்டத்தை? பின்பாதியில இருந்தது யாரு? அப்படியொரு மனுஷன் நம்ம ஊர்ல இருக்கான்னே தெரியாமப் போச்சே!"

டெல்மரின் வாய் ஒருகணம் திறந்தது. சொல்லிவிடத்தான் நினைத்தார். ஆனால் முப்பத்தோரு வருஷத்து ஒத்திகை சும்மா விடுமா?

"யாருக்குத் தெரியும்? நான் நானாத்தான் வந்திருக்கேன்" என்று காலரைக் கசக்கிவிட்டுக்கொண்டார்.

கயிற்றோடு பிய்ந்துவந்து டெல்மரின் மணிக்கட்டிலிருந்து தொங்கி, காலரோடு சேர்ந்து அசைந்துகொண்டிருந்த மாட்டு வாலையே போதகர் பார்த்துக்கொண்டிருந்தார்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். எனக்கென்ன வேஷம், நான் எப்போதும் நானாகத்தான் இருக்கிறேன் என்கிறீர்கள். அப்படியே இருங்கள், யார் வேண்டாம் என்றது? எதற்கும் அந்தச் சட்டைக் கையை ஒருமுறை மேலே தூக்கிப் பார்த்துக்கொள்ளுங்கள்.