தேவை யாருக்கு, மாப்பிள்ளை?

மரியாதைக்குரிய மாப்பிள்ளைக்கு மாமனார் எழுதுவது. இங்கு நானும் உங்கள் அத்தையும் சுகம். அங்கு நீங்களும் என் மகளும் சுகமாக இருக்கலாம். கோபப்படாதீர்கள், இது உங்கள் நடைதான். நம்முடைய குஞ்சு பொரிக்கும் இயந்திரத்தை ஓட்ட நீங்கள் அனுப்பிய கம்ப்யூட்டரோடு ஒரு கையேடு வந்ததே, உங்கள் கம்பெனிக்காக நீங்களே எழுதியது, அதில் ஒரு வாக்கியம்கூட இதைவிட உறுதியாக இல்லை.

நான் பள்ளிக்கூடத்தில் அதிகம் உட்கார்ந்தவன் அல்ல. தீவன மூட்டையிலும் மருந்துப் புட்டியிலும் ஒட்டியிருப்பதைப் படித்துப் படித்தே எழுத்துக் கற்றேன். அந்தச் சீட்டுகள் எதுவும் என்னிடம் மழுப்பியதில்லை.

போன வாரம் திரையில் சூடு குறைவதாகச் சிவப்பு எழுத்து மின்னியது. உள்ளே தட்டுத் தட்டாக முட்டை. பண்ணைக்காரருக்குக் குஞ்சு தருவதாக வாக்கும் கொடுத்தாயிற்று. கையேட்டைத் திறந்தால், "தேவைப்பட்டால் மறுதொடக்கம் செய்யவும்" என்று இருக்கிறது. தேவை யாருக்கு, மாப்பிள்ளை? எனக்கா, கம்ப்யூட்டருக்கா, முட்டைக்கா? முட்டையைக் கேட்க வழியில்லாததால் உங்கள் உதவி எண்ணுக்குப் போன் செய்தேன். ஒரு பெண் எடுத்தாள்.

"ரீஸ்டார்ட் பண்ணிட்டுக் கொஞ்ச நேரம் வெயிட் பண்ணுங்க சார்."

"கொஞ்ச நேரம்னா எவ்வளவும்மா?"

"அது சூழ்நிலையைப் பொறுத்தது சார்."

"எந்தச் சூழ்நிலை?"

"உங்க சூழ்நிலைதான் சார்."

என் சூழ்நிலை எனக்குத் தெரியாதா? மறுதொடக்கம் செய்தேன். "அளவுகள் வழக்கமான நிலைக்குத் திரும்பும்" என்று அடுத்த பக்கத்தில் எழுதியிருந்தீர்கள். நம் வழக்கம்தானே என்று நம்பி ஒரு காப்பி குடிக்கப் போனேன். திரும்பி வந்தால் ஹீட்டர் அணைந்து கிடக்கிறது, காற்றாடி பேய் பிடித்ததுபோல் சுற்றுகிறது, என் தம்பி கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்கிறான்.

"என்னண்ணே, முட்டைய அடைகாக்குறீங்களா, ஆறப் போடுறீங்களா?"

"புத்தகத்துல இருக்கிறபடி செய்யிறேன்டா!"

"இந்தத் தடவை குஞ்சு வரலேன்னா இந்த ரூம் சாவிய என்கிட்ட கொடுத்துடுங்க. அண்ணன்னுகூடப் பாக்க மாட்டேன்."

இந்த அறையைக் கட்டியது நான். சாவி இதுவரை என் இடுப்பை விட்டு இறங்கியதில்லை. உடனே உங்களுக்குப் போன் செய்தேன். என்ன சொன்னீர்கள் என்பதை நீங்கள் மறந்திருக்கலாம், நான் மறக்கவில்லை.

"எங்க சாஃப்ட்வேர் காய்கறி குடோனுக்கும் போகுது மாமா. அங்க குளிர்ச்சிதான் வழக்கமான நிலை."

"முட்டை போட்ட கத்திரிக்காயை எங்கேயாவது பார்த்திருக்கீங்களா மாப்பிள்ளை? இதை எழுதினது நீங்கதானே?"

"எழுதினது நான்தான் மாமா. அர்த்தம் வேணும்னா இன்ஜினியரைத்தான் கேக்கணும்."

"இன்ஜினியர் என்ன சொல்றார்?"

"கையேட்டைப் பாருங்கன்னு சொல்வார்."

உறுதியாக எழுதினால் கம்பெனி வக்கீல் ஒத்துக்கொள்ள மாட்டார் என்றும் சொன்னீர்கள். "தேவைப்பட்டால்" இல்லாம வெறும் "செய்யவும்"னு போட்டா, செஞ்சவங்க நாளைக்குக் கேஸ் போடுவாங்களாம்! ஆக, இயந்திரம் செய்தவருக்குப் பொறுப்பில்லை, எழுதினவருக்குப் பொறுப்பில்லை, வக்கீலுக்கு அது வேலையே இல்லை. மிச்சம் இருப்பது நானும் முட்டையும்.

கம்ப்யூட்டரைப் பிடுங்கி மூலையில் வைத்தேன். ஹீட்டரைக் கையால் ஓட்டினேன், தட்டுகளைக் கையால் திருப்பினேன். குஞ்சுகள் கொஞ்சம் தாமதமாக வந்தன, ஆனால் பாதிக்கு மேல் வந்தன. பண்ணைக்காரர் முணுமுணுத்துக்கொண்டே ஏற்றிப் போனார். சாவி என்னிடமே இருக்கிறது.

ஆகவே உங்கள் கையேட்டைக் கிழித்துப் போடுங்கள். ஒரே தாளில் அத்தனையையும் நானே தெளிவாக எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். ஒரு எழுத்தும் மாற்றாமல் அச்சடியுங்கள். வக்கீலிடம் காட்ட வேண்டாம். அதன் பிரதியை நம் இயந்திர அறையிலும் ஒட்டிவிட்டேன்.

என் மகளுக்கு என் ஆசி எப்போதும் உண்டு. உங்களுக்கும் உண்டு, கையேட்டைத் திருத்திய பிறகு.

இப்படிக்கு,
உங்கள் மாமனார்

பி.கு.: உறையை ஒட்டுமுன் கண் டாக்டரைப் பார்த்துவிட்டு வரலாம் என்று, புதிதாக வைத்த முட்டைகளைத் தம்பியிடம் விட்டுப் போனேன். "தட்டுகளை அவ்வப்போது திருப்பவும்" என்று என் தாளில் இருக்கிறது. அவன் டி.வி.யில் விளம்பரம் வரும்போதெல்லாம் போய்த் திருப்பியிருக்கிறான். கதவைத் திறந்து திறந்து உள்ளே இருந்த சூடெல்லாம் வெளியே.

"அவ்வப்போதுன்னா எப்பண்ணே?" என்று கேட்டான்.

"அப்பப்பதான்டா! பதம் பாத்து!"

"எது பதம்?"

"அது... அன்னைக்கு இருக்கிறதைப் பொறுத்தது."

உங்கள் அத்தை முந்தானையால் வாயை மூடிக்கொண்டு, "மாப்பிள்ளை கம்பெனியிலயே உங்களுக்கும் ஒரு வேலை கேட்டுப் பாருங்களேன்" என்றாள். இத்துடன் வைத்ததாகச் சொன்ன தாளை எடுத்துவிட்டேன், தேட வேண்டாம். நான் எழுதியதில் தவறு எதுவும் இல்லை, படித்தவன் சரியில்லை. சாவி இப்போதைக்குத் தம்பியிடம் இருக்கிறது. இப்போதைக்கு என்றால் எதுவரை என்று கேட்டு யாரும் போன் செய்ய வேண்டாம்.