காதில் கோளாறு இல்லை

மதிப்புக்குரிய நாத்தனாருக்கு,

அண்ணி எழுதுவது. கான்வென்ட்டில் கற்றுத்தந்த முறைப்படி முதலில் உன் முட்டிவலியை விசாரிக்கிறேன். பதில் வேண்டாம், நேற்று போனில் முழுவதும் சொல்லிவிட்டாய். ஆஸ்பத்திரியில் கையில் டிரிப்ஸ் ஊசி ஏற்றியிருக்கிறார்கள், ஆகவே எழுத்து கோணல். அதற்கு மட்டும் மன்னிப்பு. "அடம் பிடிக்காதீங்க அண்ணி, ஆபரேஷனுக்கு ஒத்துக்கோங்க" என்றாய் அல்லவா? நடந்ததைக் கேள்.

என் நெஞ்சிலிருக்கும் உலோக வால்வின் டிக் டிக் உனக்குத் தெரியும். "கடிகாரக் கடையில படுத்த மாதிரி இருக்கு" என்று தலையணையோடு கூடத்துக்குப் போனவள் நீ. உன் அண்ணன் போகவில்லை. பேப்பர் படித்துக்கொண்டிருக்கும்போதே, சத்தம் வேகமெடுத்தால், "யார் மேல கோபம்?" என்பார். பெரும்பாலும் உன் மேல்தான். அவரிடம் ஒரு கோபத்தைக்கூட என்னால் மறைக்க முடிந்ததில்லை. அவர் போன பிறகு கேட்க ஆளில்லை. நானும் கவனிப்பதை விட்டுவிட்டேன். போன வாரம் ஒரு மத்தியானம், வீடு அநியாயத்துக்கு அமைதியாக இருந்தது. காது போய்விட்டது என்று முடிவு செய்து காது டாக்டரிடம் போனேன். கண்ணாடி அறையில் உட்காரவைத்துச் சோதித்தார். "காது பிரமாதமா இருக்கும்மா." "உங்கள் மெஷினைப் பழுதுபார்க்கக் கொடுங்கள்" என்றேன். "சரி, எதுதான் கேட்கலை?" நெஞ்சின் டிக் டிக்கைச் சொன்னேன். மனுஷன் பேனாவைக் கீழே வைத்தார். உடனே சக்கர நாற்காலி வந்தது. இதய டாக்டரிடம் நான் நடந்துதான் போனேன். மூச்சு வாங்கியது, அது வேறு விஷயம்.

வால்வில் ரத்தம் உறைந்து ஒட்டிக்கொண்டதாம், கதவு பாதிதான் திறக்கிறதாம், அதனால்தான் சத்தம் அமுங்கிவிட்டதாம். "ரத்தம் உறையாம இருக்கிற மாத்திரையை விட்டுட்டீங்களா?" என்று இதய டாக்டர் கேட்டார். என்னிடம்! ஒரு வேளை விட்டதில்லை. "ஒழுங்கா சாப்பிட்டாலும் சிலருக்கு வரும்மா" என்கிறார். ஒழுங்குக்கு இவ்வளவுதான் மரியாதை. பிறகு ஓர் ஆராய்ச்சிக்காரப் பெண் சின்ன மைக்கோடு வந்தாள். சத்தம் மாறுவதை வைத்தே ரத்தக்கட்டியை முன்கூட்டிக் கண்டுபிடிக்க முடியுமா என்று பார்க்கிறார்களாம். "வீட்ல யாராவது சத்தம் மாறினதைக் கவனிச்சாங்களா, ஆன்ட்டி?" அவர் இருந்திருந்தால் கவனித்திருப்பார் என்றேன்.

ஆகவே என் முடிவு: இன்னொரு முறை நெஞ்சைத் திறக்க விடமாட்டேன். கேட்க ஆளில்லாத சத்தம் எப்படி இருந்தால் என்ன? நீ கிளம்பி வராதே. உன் முட்டிக்குப் பயணம் ஆகாது, எனக்கு உன் அறிவுரை ஆகாது. உன் வீட்டில் பெரியவர்களுக்கு என் வணக்கம், சிறியவர்களுக்கு ஆசி. நீ இரண்டுமில்லை, உனக்கு அன்பு.

இப்படிக்கு,
அண்ணி

பி.கு.: இதைக் கூரியருக்குக் கொடுக்கப்போகும்போது நர்ஸ் கேட்டாள், "ஆபரேஷன் நடக்கிறப்போ வெளியே யாரும்மா உட்காருவாங்க?" "என் நாத்தனார்" என்று வாய் சொல்லிவிட்டது. சொன்ன பிறகு மாற்றிப் பேசுவது அழகில்லை, ஆபரேஷன் படிவத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டேன். வியாழக்கிழமை காலை. போன்ல இதைச் சொல்ல எனக்கு வரலை, நீ சிரிப்பே. சிரிச்சுட்டுப் போ. வந்துடு.