பஞ்சு சார் தேர்ந்தெடுத்த ஹெட்போன்

காதை முழுசாக மூடுகிற ஹெட்போனில் பாட்டு கேட்டால், வெளியே போக வழியில்லாத சத்தமெல்லாம் மண்டைக்குள் தேங்கி, கடைசியில் காதை நிரந்தரமாக அடைத்துவிடும் என்று ஒரு காலத்தில் நான் நம்பினேன். பி.எஸ்ஸி. பிசிக்ஸ் படித்துவிட்டு நம்பினேன் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். பின்னால் யாராவது கண்டுபிடித்து எழுதினால் அசிங்கம்.

அந்த நம்பிக்கையோடு நான் போய்ச் சேர்ந்த இடம் பஞ்சு சாரின் அறை. சொந்தக் காதை ரேஷன் போட்டுச் செலவு செய்த மனிதர் உலகத்திலேயே அவர் ஒருவர்தான். திருப்பதி பஸ் ஸ்டாண்டுக்கு எதிர் மாடியில் அவரும் நானும் ஒரே அறையில் குடியிருந்தோம். அவர் மெடிகல் ரெப். காலையில் எழுந்ததும் பல் தேய்ப்பதற்கு முன்னால் இரண்டு காதிலும் பஞ்சு வைத்துக்கொள்வார். சாயங்காலம் வாக்மேனில் பாட்டு கேட்கும்போது மட்டும் எடுப்பார்.

"காதுன்றது டயர் மாதிரிபா. ஓட ஓடத் தேயும். கண்டவன் பேச்சுக்கெல்லாம் ஓட்டிக்கினு இருந்தா பாட்டுக்கு இன்னா மிச்சம் இருக்கும்?" என்பார்.

தொழிலுக்கு இதனால் நஷ்டமில்லை. டாக்டர்கள் "இந்த மருந்து வேண்டாம்" என்று சொன்னது அவர் காதில் விழுந்ததே இல்லையாதலால், சித்தூர் முதல் புத்தூர் வரை அவரளவுக்கு ஆர்டர் பிடித்த ஆள் கிடையாது.

அப்போது எஸ்.டி.டி. பூத்துகள் ஒவ்வொன்றாகக் கம்ப்யூட்டர் சென்டர்களாக மாறிக்கொண்டிருந்தன. எங்கள் நகரி பக்கத்துப் பையன்களில் பாதிப்பேர் பெங்களூருக்கும் பாதிப்பேர் மெட்ராஸுக்கும் பெட்டி கட்டியாகிவிட்டது. எனக்கும் ஒரு வழி கிடைத்தது. அமெரிக்க டாக்டர்கள் டேப்பில் பேசியதைக் கேட்டு டைப் அடிக்கிற வேலை. திருப்பதியிலேயே தேர்வு, தேறினால் மெட்ராஸில் வேலை. நைனா ஊரெல்லாம் சொல்லிவிட்டார். அவர் சொன்ன வேகத்தில், நான் அமெரிக்காவில் ஆபரேஷன் செய்யப்போவதாகப் பக்கத்து ஊரில் பேச்சு.

பயிற்சிக்கு ஒரு கேசட் கொடுத்திருந்தார்கள். வாக்மேனோடு வந்த பஞ்சு உருண்டை ஹெட்போனில் அதைக் கேட்டால், டாக்டரோடு சேர்ந்து கீழே கத்துகிற கண்டக்டரும் காதுக்குள் வந்துவிடுவார். ஒரு நோயாளிக்கு மூன்று நாளாகக் கடுமையான சித்தூர், சித்தூர், பாகாலா இருப்பதாக நான் டைப் அடித்து வைத்திருந்தேன். பஞ்சு சார் அதை வாங்கிப் படித்தார்.

"இது தேறாது. உனக்குக் காதை மூடுற கிண்ணம் வெச்ச ஹெட்போன் வேணும்."

"சார், அதுல சத்தம் உள்ளயே தங்கிடாதா?"

அவருக்குக் கேட்கவில்லை. சட்டை மாட்டிக்கொண்டிருந்தார்.

போகிற வழியெல்லாம் உபதேசம். "டாக்டர் பேச்சுக்குன்னு வாங்காத. பாட்டுக்குன்னு வாங்கு. பாட்டுக்கு நல்லா இருந்தா டாக்டருக்கும் நல்லா இருக்கும். பெரிய கம்பெனி பேர் போட்டதெல்லாம் தொடாத. காது அடையறதுக்கு முன்னாடி பர்ஸ் அடைஞ்சிடும்."

காந்தி ரோட்டில் இருந்த அந்த எலெக்ட்ரானிக்ஸ் கடைக்காரருக்குப் பஞ்சு சாரை மாதக்கணக்காகத் தெரியும். வாங்கி அல்ல, பார்த்துவிட்டுப் போய். பஞ்சு சார் காதிலிருந்து பஞ்சை எடுத்து டப்பியில் வைத்தார். முதல் ஹெட்போனை மாட்டி வாக்மேனில் பாட்டைப் போட்டார்.

"இப்ப என்னைத் திட்டு."

"எதுக்கு சார்?" என்றார் கடைக்காரர்.

"வெளிச்சத்தம் உள்ள வருதான்னு பாக்கணும். மெதுவா ஆரம்பிச்சு ஏத்திக்கினே போ."

கடைக்காரர் கூச்சத்தோடு, "சார் கொஞ்சம் மோசம்" என்றார்.

"கேட்டுச்சு. வேற குடு."

இரண்டாவதற்கு "எருமை" என்றார். அதுவும் கேட்டுவிட்டது. மூன்றாவதை மாட்டியபோது கடைக்காரருக்குக் கூச்சம் விட்டுப்போயிருந்தது. ஸ்டூலை விட்டு எழுந்தார். "கொனேதீ லேது, போயேதீ லேது. வாங்கவும் மாட்டேன்றே, போகவும் மாட்டேன்றே. சாவுகிராக்கி, உன்னால என் யாவாரமே போச்சு" என்று ஆரம்பித்து இரண்டு பாஷையிலும் மாறி மாறித் திட்டினார். பேட்டரி வாங்க வந்த ஒருவர் என்னிடம், "நானும் ஒண்ணு சொல்லலாமா?" என்று கேட்டார். பஞ்சு சார் விற்ற மருந்தைச் சாப்பிட்டவர் போல. பஞ்சு சார் கண்ணை மூடி, தலையாட்டி, புன்னகையோடு தாளம் போட்டுக்கொண்டிருந்தார்.

"இது நல்லாருக்கு. ஒரு வார்த்தை கேக்கல" என்று கழற்றினார். கடைக்காரர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

அதோடு விடவில்லை. என்னைப் பக்கத்தில் ஒட்டி உட்காரவைத்து, என்ன பாட்டு ஓடுகிறது என்று கண்டுபிடிக்கச் சொன்னார். முடியவில்லை. "பாஸ். பஸ்ல பக்கத்து சீட்டுக்காரன் ஓசில கேக்க மாட்டான்." பிறகு பையிலிருந்து இட்லிப் பொட்டலத்தை எடுத்து, ஹெட்போனோடு அங்கேயே உட்கார்ந்து தின்ன ஆரம்பித்தார். மெல்லும்போது கிண்ணம் நகர்ந்தால் அந்த ஹெட்போன் தலைக்குச் சேராதாம். நகரவில்லை. கடைக்காரர், கேட்காமலேயே விலையைக் குறைத்தார். சட்னி வாசனை போகட்டும் என்று மின்விசிறியையும் கூட்டினார்.

தேர்வுக்கு முந்தின நாள். "புது வண்டி எடுத்தா மலைக்குக் கொண்டுபோய்ப் பூஜை போடறோம் இல்ல? ஹெட்போனுக்கு மட்டும் இன்னா கேடு?" என்று பஞ்சு சார் என்னைத் திருமலை பஸ்ஸில் ஏற்றினார். கையில் ஒரு எலுமிச்சம்பழம். எனக்கு இரண்டு நாளாக ஜலதோஷம். அதை யார் கவனித்தார்கள்?

"பாட்டு கேக்கும்போது வாயை மூடிக்கினு கேளு. வாய் தொறந்தா எஃபெக்ட் போயிடும்" என்றார். நான் ஹெட்போனை மாட்டி, வாயை இறுக மூடி உட்கார்ந்தேன். பஸ் ஒவ்வொரு வளைவாக ஏறியது. ஒவ்வொரு வளைவிலும் மொத்த பஸ்ஸும் வாயைத் திறந்து கோவிந்தா போட்டது. நான் மட்டும் போடவில்லை.

பாதி மலையில் பாட்டு தேய்ந்தது. சத்தத்தைக் கூட்டினேன். இன்னும் தேய்ந்தது. ஹெட்போனைக் கழற்றினேன். உலகமே கிணற்றுக்குள் விழுந்திருந்தது. எதிர் சீட்டில் ஒரு குழந்தை அழுதது. கண்ணீர் மட்டும் வந்தது, குரல் வரவில்லை. தேங்கிவிட்டது, நான் அப்போதே சொன்னேன், தேங்கி அடைத்துவிட்டது. நாளைக்குத் தேர்வு. நைனா முகம் கண் முன்னால் வந்தது. செவிட்டு டைப்பிஸ்ட்டுக்கு எந்த அமெரிக்கன் வேலை கொடுப்பான்?

"சார், காது போச்சு" என்றேன்.

"இன்னாது?" என்றார், பஞ்சுக்குப் பின்னாலிருந்து.

"காது போச்சு சார்."

"எங்க போச்சு?"

பஸ் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. ஒரு அம்மா என்னிடம் ஏதோ சொன்னார். 'வாயைத் தொறந்து கோவிந்தா போடு தம்பி, தொறந்துக்கும்' என்று சொல்லியிருக்க வேண்டும். எனக்கும் கேட்கவில்லை, பஞ்சு சாருக்கும் கேட்கவில்லை. நான் அழுகிற மாதிரி காதைத் தொட்டுக் காட்டியதும்தான் பஞ்சு சார் தன் காதிலிருந்து பஞ்சைப் பிடுங்கினார். டப்பியில் வைக்கவில்லை. ஜன்னல் வழியாக எறிந்தார்.

மேலே வண்டிகளுக்குப் பூஜை போடுகிற இடத்தில், புத்தம்புது டிராக்டருக்கும் ஸ்கூட்டருக்கும் நடுவில் என் ஹெட்போனை வைத்து எலுமிச்சம்பழத்தை மிதித்தார். என் காதில் ஊதினார். தலையைச் சாய்த்துத் தட்டினார். ஒன்றும் திறக்கவில்லை. கீழே இறங்குகிற பஸ்ஸில் ஏறினோம். நான் ஜன்னலோரம், அவர் பக்கத்தில். அவர் உதடு மட்டும் அசைந்துகொண்டே வந்தது. யாரையோ திட்டுகிறார் என்று நினைத்தேன். ஒருவேளை கடைக்காரரை.

பாதி இறக்கத்தில் ஒரு தும்மல் வந்தது. சாதாரணத் தும்மல் இல்லை, முன் சீட்டுக்காரர் தலையைத் துடைத்துக்கொண்ட தும்மல். டப்பென்று இரண்டு காதும் திறந்தன. இன்ஜின், ஹாரன், எல்லாம் ஒரே சமயத்தில் உள்ளே வந்தன. நடுவில், எனக்குக் கேட்காது என்ற தைரியத்தில், பஞ்சு சார் வாய்விட்டுப் பேசிக்கொண்டிருந்தார்.

"சாமி, பையன் நாளைக்குப் பரீட்சை எழுதணும். என் காதுல ஒண்ண எடுத்துக்கோ, அவனுக்குக் குட்த்துடு. எனக்கு ஒண்ணு போதும். வலதை மட்டும் விட்டுடு சாமி, அதுலதான் தபேலா நல்லா கேக்குது." கொஞ்ச நேரம் யோசித்தார். "சரி, அவசியம்னா வலதே எடுத்துக்கோ."

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். மலையடிவாரத்து அலிபிரி வரும்வரை வாயைத் திறக்கவில்லை. வந்ததும், "சார், கேக்குது" என்றேன்.

"இன்னா கேக்குது?" என்றார் சந்தேகமாக.

"ஹாரன் சார்."

"வேற?"

"வேற ஒண்ணும் இல்ல சார்."

ஜலதோஷத்தோடு மலை ஏறினால் காது அடைக்கும், இறங்கினால் திறக்கும். நடந்தது அவ்வளவுதான். மறுநாள் தேர்வு எழுதினேன், வேலை கிடைத்தது. தேர்வன்று புத்தூர் டாக்டர்களைப் பார்க்கப் போயிருக்கவேண்டிய பஞ்சு சார் போகவில்லை. நான் தேர்வு முடிந்து வெளியே வரும்வரை ரோட்டுக்கு எதிர்ப் பக்கம் வெயிலில் பையோடு நின்றுகொண்டிருந்தார்.