பொதுச் சாமி எந்த ஊரில் இருக்கிறது?

ஜவ்வாது மலை,
மார்ச் 1986

மதிப்பிற்குரிய மச்சான் பாண்டுரங்கன் அவர்களுக்கு,

ராஜவேலு பணிவுடன் எழுதிக்கொண்டது. உங்கள் தங்கை வசந்தி, பிள்ளைகள், ஆடு மாடு எல்லாம் சௌக்கியம். என்னைப் பற்றித்தான் உறுதியாக ஒன்றும் சொல்ல முடியவில்லை. படவேட்டில் நீங்கள் எல்லோரும் நலமாக இருக்க அம்மனை வேண்டுகிறேன். அம்மன் என்று எழுதவே இப்போது யோசனையாக இருக்கிறது. காரணத்தைக் கேளுங்கள்.

நான் பஞ்சாயத்துத் தலைவர் தேர்தலில் ஜெயித்த சேதி உங்களுக்குத் தெரியும். ரோடு போட்டுத் தருகிறேன் என்று சொல்லித்தான் ஓட்டு வாங்கினேன். போன மழையில் பிரசவ வலி வந்த என் தம்பி பெண்டாட்டி முத்தம்மாவைத் தூளி கட்டித் தூக்கிப்போய், பாதி வழியில் பாறை மேலேயே பிள்ளை பிறந்ததே, அதற்கப்புறம் ஊரே ரோடு ரோடு என்றுதான் பேசுகிறது. திங்கட்கிழமை பதவிப் பிரமாணம் செய்துவைக்க ஆபீசர் கோபால்சாமி வந்தார். ஜீப்பை ஓடைக்கு அந்தப்பக்கம் விட்டுவிட்டு, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தே வந்தார். "கடவுள் பெயரால் ஆணையிடுகிறேன்" என்றும் சொல்லலாமாம், "உளமார உறுதி கூறுகிறேன்" என்றும் சொல்லலாமாம், அவரவர் இஷ்டமாம். நான் யோசித்தேன் மச்சான். ரோடு என் கையிலா இருக்கிறது? கவர்ன்மெண்ட் கொடுக்காவிட்டால் சாமி கவர்ன்மெண்டையா பிடிக்கும், என்னைத்தானே பிடிக்கும்? அதனால் "உளமார" என்று ஆரம்பித்தேன்.

அவ்வளவுதான். காளியம்மனுக்கு அருள்வாக்குச் சொல்லும் குப்பம்மாள் எழுந்துவிட்டாள். "அம்மா பேரைச் சொல்ல இன்னாய்யா பயம் ஒனக்கு? ரோட்டைப் போடறதுக்கு முன்னாடியே முழுங்கலாம்னு பாக்கறியா?" என்றாள். கூட்டம் மொத்தமும் ஆமாம் போட்டது. சரி, கடவுள் பெயராலேயே சொல்லிவிடுகிறேன் என்றேன். உடனே என்னிடம் தோற்ற காசி, "எந்தக் கடவுளு? மேலூருக் காளியம்மாவா, எங்க கீழூரு வேடியப்பனா?" என்றான். ஆபீசர், "பேர் எல்லாம் சொல்லக் கூடாதுங்க. அரசாங்கத்துக்கு மதம் கிடையாது. பொதுவா கடவுள், அவ்ளோதான்" என்றார். "பொதுக் கெணறு தெரியும், பொதுச் சாமி எந்த ஊர்ல கீது? அதுக்கு யாரு கெடா வெட்றது?" என்றான் காசி. ஆபீசர் வியர்வையைத் துடைத்துக்கொண்டார். "சாமியே இல்லாத கவர்ன்மெண்டுக்கு கோபால்சாமியை எதுக்குங்க அனுப்பினாங்க?" என்று வேறு கேட்டுவிட்டான்.

அந்த நேரம் பார்த்துக் குப்பம்மாளுக்கு அருள் வந்துவிட்டது. "அரசு விழாவில் சாமி ஆடக் கூடாதும்மா!" என்று ஆபீசர் கத்தினார். குப்பம்மாள் நேரே அவர் முன்னால் போய் நின்றாள். "நீ யாரு மேல ஆணை வெச்சி வேலைக்கு வந்தேடா?" அவர் கைகட்டிக்கொண்டு, "உளமாரங்க, தாயே" என்றார். "அதான் இத்தினி வருசமா ரோடு வர்ல!" என்றாள் அம்மன். பிறகு என் பக்கம் திரும்பினாள். நான் கண்ணை மூடிக்கொண்டேன். "ரோடு போடறது உங்க வேலை. அதுல என்னை இன்னாத்துக்கு இழுக்கறீங்க? என் பேரைச் சொன்னா வேடியப்பன் ஊரு கோச்சிக்கும், அவன் பேரைச் சொன்னா நான் கோச்சிக்குவேன். உன் மனசு மேல ஆணை வெச்சி வேலையைப் பாரு. திருடினா மட்டும் சொல்லியனுப்பு, வர்றேன்" என்று சொல்லி மலையேறிவிட்டாள்.

நான் "உளமார" என்று முழுசாகச் சொல்லி முடித்தேன். முத்தம்மா பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு முன்னால் நின்றிருந்தாள். அவர்களைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னேன் மச்சான். சாமி பேரில் சொல்லியிருந்தால்கூட இவ்வளவு பயந்திருக்க மாட்டேன். ஆபீசர் போகும்போது குப்பம்மாளிடம் தனியாக விபூதி வாங்கிக்கொண்டு போனார்.

அக்காவுக்கு வணக்கமும் பிள்ளைகளுக்கு ஆசியும் சொல்லவும். சாமை புடைத்ததும் ஒரு மூட்டை அனுப்புகிறேன்.

தங்கள் அன்புள்ள,
ராஜவேலு,
பஞ்சாயத்துத் தலைவர்.

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டும் நேரத்தில் ஆபீசரிடமிருந்து ஆள் வந்தது. காசி மனுப் போட்டுவிட்டான். கடவுள் உத்தரவு போட்டு, கடவுளை விட்டுவிட்டு எடுத்த உறுதிமொழி, கடவுள் பேரில் எடுத்ததா, எடுக்காததா என்று மேலிடத்துக்குக் கேட்டு எழுதியிருக்கிறார்களாம். பதில் வரும்வரை நான் தலைவர் கிடையாதாம். கையெழுத்துக்குக் கீழே இருப்பதை அடித்துவிட்டுப் படிக்கவும்.